சூரியகாந்தியின் சொந்தக் காவல்: வாசகர் கேள்வி – பதில்

சூரியகாந்தியில் வரும் பூசண நோய்கள் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்.

மனிதனுக்கு இருப்பதுபோலச் செடிக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி உண்டு என்கிறார்கள். சூரியகாந்தி இலையில் பூசண வித்து விழுந்தால் செடி உண்மையில் என்ன செய்கிறது?
— வாசகர், பல்லடம்

எதிர்ப்புச் சக்தி உண்டு. ஆனால் ரத்தத்தோடு ஓடிப்போய்ச் சண்டை போடுகிற வெள்ளை அணுக்கள் செடியில் கிடையாது. கிருமி வந்த இடத்தில் இருக்கும் செல்தான் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும்.

முதல் தடை இலையின் மேல்தோலும் அதன் மேலுள்ள மெழுகுப் படலமும். அடுத்தது முடிகள். சூரியகாந்தி இலையைத் தடவினால் கையில் சொரசொரக்கும் முடிகள் வேறு. இளம் இலையின் அடிப்பக்கத்தைக் கைலென்ஸில் பார்த்தால் அவற்றுக்கு நடுவே, நுனியில் சின்ன உருண்டையோடு குட்டையான சுரப்பி முடிகள் தெரியும். அந்த உருண்டைக்குள் இருப்பது செஸ்குவிடெர்பீன் லாக்டோன் என்ற கசப்புப் பொருள்கள். பூச்சிக்கும் நுண்ணுயிருக்கும் அவை ஆகாது. சூரியகாந்தி வயலில் வேலை செய்கிற சிலருக்குக் கையில் அரிப்பும் தடிப்பும் வருவதற்கும் இவையே காரணம்.

இதைத் தாண்டி வித்து முளைவிட்டு உள்ளே நுழையப் பார்க்கும்போது இரண்டாவது காவல் தொடங்குகிறது. பூசணத்தின் செல்சுவர் கைட்டின் என்ற உறுதியான பொருளைக் கொண்டது. அது உதிர்க்கும் கைட்டின் துணுக்குகளைச் செடியின் செல் அடையாளம் கண்டுகொள்ளும். கண்ட சில நிமிடங்களிலேயே ஹைட்ரஜன் பெராக்சைடு பீறிடும்; நுழைய முயலும் இடத்தில் செல்சுவர் உள்பக்கமாகத் தடிக்கும். அடுத்த சில மணி நேரத்தில் கைட்டினேஸ், குளுக்கனேஸ் என்ற நொதிகள் உற்பத்தியாகிப் பூசணத்தின் சுவரையே அரிக்கும். அதன் பிறகு ஸ்கோபோலெட்டின், அயாபின் என்ற இரண்டு கூமரின் சேர்மங்கள் சேரத் தொடங்கும். சூரியகாந்தி தானே தயாரித்துக்கொள்ளும் பூசணக்கொல்லிகள் என்று இவற்றைச் சொல்லலாம். ஆய்வுக்கூடத்தில் புறஊதா ஒளியில் ஸ்கோபோலெட்டின் நீலமாக ஒளிரும். எதிர்ப்புள்ள ரகத்தில் நோய் தொட்ட இடத்தைச் சுற்றி அது சேர்வதை அப்படித்தான் பார்க்கிறார்கள். துரு நோயைத் தாங்கும் சில ரகங்கள் இந்தக் கூமரின்களை இலையின் மேற்பரப்புக்கே கசியவிடுகின்றன. அங்கே விழும் துரு வித்து சரியாக முளைப்பதில்லை.

மூன்றாவது காவல் கடுமையானது. தேர்ந்த கிருமி, செடியின் முதல் எச்சரிக்கையை அமுக்கிவிடும் புரதங்களைச் செல்லுக்குள் செலுத்தும். அந்தப் புரதத்தையே அடையாளம் காணும் எதிர்ப்பு மரபணு செடியிடம் இருந்தால், தொற்றிய செல் தானாகச் செத்துவிடும். அதைச் சுற்றியுள்ள செல்களும் இறுகிக்கொள்ளும். இலையில் ஊசி குத்தியது மாதிரி ஒரு புள்ளி தெரியும், நோய் அதோடு நின்றுவிடும். இந்தக் கலவரச் செய்தி சாலிசிலிக் அமிலத்தின் வழியாக மற்ற இலைகளுக்கும் போய், சில நாள்களில் செடி முழுவதும் ஓரளவு உஷாராகிவிடும்.

விவசாயி கவனிக்க வேண்டியது நேரக் கணக்கை. இலையில் ஈரம் இருந்தால் வித்து முளைக்கவும் சில மணி நேரம் போதும். செடி ஆயுதம் தயாரிக்கவும் சில மணி நேரம் வேண்டும். மூடுபனியோ விடாத தூறலோ இருந்து இலை நாள் முழுக்க நனைந்தே கிடந்தால் பூசணம் முந்திக்கொள்ளும். செடி பட்டினியிலோ தண்ணீர்த் தட்டுப்பாட்டிலோ இருந்தாலும் அப்படித்தான்.

பையில் "அடிச்சாம்பல் நோய் எதிர்ப்புத் திறன் கொண்டது" என்று அச்சிட்டிருந்த வீரிய ஒட்டு விதை வாங்கி ஆடிப்பட்டத்தில் விதைத்தேன். பூக்கும் சமயத்தில் இலைக்கருகல் வந்து பாதி இலை போய்விட்டது. விதை போலியா?
— வாசகர், ஒட்டன்சத்திரம்

இதை வைத்து விதை போலி என்று சொல்ல முடியாது. பையில் போட்டிருப்பது ஒரு நோய், உங்கள் வயலில் வந்தது வேறு நோய். ஒன்றைத் தடுக்கும் உத்தி இன்னொன்றிடம் எடுபடாது.

அடிச்சாம்பல், துரு இரண்டும் உயிருள்ள செல்லில் மட்டுமே பிழைக்கும் கிருமிகளால் வருபவை. செல்லைக் கொல்லாமல் அதிலிருந்து உறிஞ்சுகின்றன. அதனால் செல் தற்கொலை செய்துகொண்டால் அவற்றுக்குச் சோறு இல்லை. உங்கள் வயலில் வந்த இலைக்கருகலை உண்டாக்கும் ஆல்டர்னேரியா என்ற பூசணம் நேர் எதிர். ராடிசினின் வகை நச்சுகளைச் சுரந்து, செல்லை முதலில் கொன்று, பிறகுதான் தின்கிறது. கரும்புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிகிறதே, அது நச்சு முன்னே பரவியதன் அடையாளம். இந்தக் கிருமியிடம் செல் தானே செத்துக் காட்டினால் அதற்கு வேலை மிச்சம்.

துருவுக்கும் அடிச்சாம்பலுக்கும் ஒற்றை மரபணுவில் முழு எதிர்ப்புக் கிடைக்கிறது. பெரும்பாலும் அவை காட்டுச் சூரியகாந்தியிலிருந்து வந்தவை. துருவுக்கான தொடக்க கால எதிர்ப்பு மரபணுக்கள் டெக்சாஸ் காட்டுச் செடிகளோடு தற்செயலாகக் கலந்த பயிரிலிருந்து கனடாவின் மோர்டன் ஆராய்ச்சி நிலையத்தில் எடுக்கப்பட்டன. நம் ஊரில் பழைய விவசாயிகள் சொல்லும் "மார்டன்" ரகத்தின் பெயர் அந்த ஊரிலிருந்து வந்ததுதான். அடிச்சாம்பலுக்கு எதிராக உலகம் முழுக்கப் பயன்படும் பிஎல்-ஏஆர்ஜி என்ற மரபணு, வெள்ளி இலைச் சூரியகாந்தி என்ற டெக்சாஸ் இனத்திலிருந்து வந்தது. ஆல்டர்னேரியாவுக்கு அப்படி ஒரு பூட்டு, சாகுபடி ரகங்களில் இல்லை. கிடைப்பது கொஞ்சம் தாங்கும் ரகம், கொஞ்சமும் தாங்காத ரகம், அவ்வளவுதான்.

ஆகவே இந்த நோயில் சாகுபடி முறைக்கே பெரிய பங்கு. செடி பூக்கும்போதும் மணி பிடிக்கும்போதும்தான் இலைக்கருகலுக்கு அதிகம் இடம் கொடுக்கிறது. அந்த நாள்கள் தொடர் மழையில் விழாதபடி பட்டத்தை அமைப்பது முதல் வேலை. இறவைக்கு மார்கழிப் பட்டம் இந்த வகையில் ஆடியைவிடப் பாதுகாப்பு. வீரிய ஒட்டுக்கு 60 செ.மீ. × 30 செ.மீ. இடைவெளி விடுங்கள், ஏக்கருக்கு ஏறக்குறைய 22,000 செடி வரும். இன்னும் நெருக்கினால் அடி இலைகள் காயவே காயாது. தூவல் நீர்ப் பாசனம் வைத்திருப்பவர்கள் மாலையில் ஓட்டாதீர்கள். இரவு முழுக்க இலை நனைந்திருக்கும். போன பயிரின் தட்டையை வயலிலேயே விட்டால் வித்துகள் அதில் தங்கி அடுத்த பயிருக்கு வரும்.

மருந்து என்றால் அடி இலைகளில் புள்ளி தெரியத் தொடங்கியதுமே ஏக்கருக்கு மேன்கோசெப் 400 கிராமை 200 லிட்டர் தண்ணீரில் கலந்து, இலையின் இரு பக்கமும் நனையும்படி தெளிக்க வேண்டும். மழை தொடர்ந்தால் 10 முதல் 15 நாள் கழித்து இன்னொரு முறை. மேன்கோசெப் இலை மேல் படிந்து நிற்கும் மருந்து. உள்ளே நுழைந்துவிட்ட பூசணத்தை அது தொடாது. எனவே பாதி இலை கருகிய பிறகு தெளிப்பது காசுக்குக் கேடு. கடையில் கார்பன்டாசிம் மட்டும் கொடுத்தால் வாங்காதீர்கள். ஆல்டர்னேரியா இனத்துக்கு அந்த மருந்து இயல்பாகவே கேட்காது.

முளைத்த இரண்டு மூன்று வாரத்தில் சில செடிகள் குட்டையாக நின்றுவிட்டன. நரம்பை ஒட்டி இலை வெளுத்து, அடிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கார்பன்டாசிம் இரண்டு முறை அடித்தும் பலன் இல்லை.
— வாசகி, துறையூர்

நீங்கள் சொல்லும் குறிகள் அடிச்சாம்பல் நோய்க்குரியவை. மருந்து கேட்காததற்கு நேரடிக் காரணம் உண்டு. இதை உண்டாக்கும் பிளாஸ்மோபாரா, பூசணம் மாதிரித் தோன்றினாலும் உண்மையான பூசணம் அல்ல. பாசிகளுக்கு உறவான வேறு கூட்டம். அதன் செல்சுவரில் பிரதானமாக இருப்பது கைட்டின் அல்ல, செல்லுலோஸ் வகைப் பொருள்கள். பூசணத்துக்கான பல மருந்துகள் அதனிடம் செல்லாது, கார்பன்டாசிம் உள்பட.

மண்ணில் பல ஆண்டு உறங்கிக்கிடக்கும் அதன் வித்துகள், விதைத்தபின் மண் குளிர்ந்து சொதசொதவென்று இருந்தால் நீந்தும் வித்துகளை வெளியிடும். அவை மண் நீரில் நீந்திவந்து இளம் வேரைத் தொற்றும். எதிர்ப்பு இல்லாத செடியில் வேரிலிருந்து தண்டு, தண்டிலிருந்து குருத்து என்று ஏறிவிடும். எதிர்ப்புள்ள செடியிலும் அது வேருக்குள் நுழைவது உண்டு. ஆனால் விதையிலைக்குக் கீழேயுள்ள தண்டுப் பகுதியில் மடக்கப்படும். அங்கே தொற்றிய செல்கள் சாகும், சுற்றியுள்ள செல்கள் பிரிந்து பெருகி அந்த இடத்தை மூடி அடைத்துவிடும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

முளைத்து மூன்று வாரம் தாண்டிய செடியின் வேர் வழியாக இந்த நோய் செடி முழுக்க ஏறுவது அரிது. அதனால் பாதுகாப்பு முழுவதும் விதையோடு போக வேண்டும். கிலோ விதைக்கு மெட்டலாக்சில் 35 சதத் தூள் 6 கிராம் கலந்து விதையுங்கள். வீரிய ஒட்டு விதை பெரும்பாலும் நிறமேற்றி மருந்து கலந்தே வரும்; பையின் சீட்டைப் படித்துவிட்டு, கலக்காதிருந்தால் மட்டும் நீங்கள் கலக்கலாம். வருடா வருடம் இந்த ஒரே மருந்தை நம்புவதும் சரியில்லை. பிரான்ஸ் போன்ற நாடுகளில் அதற்குப் பழகிப்போன கிருமி வந்துவிட்டது.

இப்போது நோய் கண்ட செடிகளை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். அவை பூத்தாலும் தலை கவிழாமல் வானத்தைப் பார்த்து நிற்கும், மணி பிடிக்காது. வைத்திருந்தால் வித்துகளை மண்ணில் சேர்ப்பதுதான் மிச்சம். அதே வயலில் மூன்று நான்கு வருடம் சூரியகாந்தி வேண்டாம்.

கரிசலில் மானாவாரிப் பயிர். மணி பிடிக்கும் வரை நன்றாக இருந்தது. திடீரென்று அங்கங்கே செடிகள் காய்ந்து நிற்கின்றன. பூச்சியும் இல்லை, இலையில் புள்ளியும் இல்லை.
— வாசகர், கோவில்பட்டி

காய்ந்த செடி ஒன்றைப் பிடுங்கி, அடித்தண்டை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். வெளித்தோல் சாம்பல் நிறமாகி, உள்ளே இருக்கும் மென்மையான சோற்றுப் பகுதி நார்நாராகப் பிரிந்து, நார்களின் மேல் மிளகுத்தூள் தூவிய மாதிரி கரும்பொடி இருந்தால் அது மேக்ரோபோமினா என்ற பூசணம் உண்டாக்கும் கரிக்கோல் அழுகல். தண்டின் அடியில் வெள்ளைப் பூசணப் படலமும் கடுகளவில் பழுப்பு மணிகளும் இருந்தால் அது ஸ்கிலிரோஷியம் வாடல். இரண்டும் வேறு வேறு.

கரிக்கோல் அழுகல் ஏன் மணி பிடிக்கும்போது காட்டுகிறது என்பதில்தான் செடியின் காவல் பற்றிய பாடம் இருக்கிறது. கிருமி பெரும்பாலும் முன்பே வேருக்குள் வந்துவிடும். செடி தெம்பாக இருக்கும்வரை அதை அடக்கியே வைத்திருக்கும். மணி முற்றத் தொடங்கியதும் இலை தயாரிக்கும் சர்க்கரையும் தண்டில் சேமித்ததும் தலைக்குப் போய்விடுகின்றன. வேருக்கும் அடித்தண்டுக்கும் வரவு குறைகிறது; நொதியும் கூமரினும் தயாரிக்க முதல் இல்லை. அதே நேரத்தில் மழை தவறி மண் 30 டிகிரிக்கு மேல் காய்ந்தால் மேக்ரோபோமினாவுக்கு மிகவும் பிடித்த சூழல். அடக்கி வைத்த கிருமி ஒரு வாரத்தில் தண்டையே தின்றுவிடும்.

காய்ந்த செடியைத் திருப்ப முடியாது. சுற்றியுள்ள செடிகளின் வேர்ப்பகுதியில் லிட்டருக்கு அரை கிராம் கார்பன்டாசிம் கரைத்து ஊற்றலாம். இந்தக் கிருமிக்கு அது கேட்கும். ஆனால் ஒரே ஒரு தண்ணீர் கட்ட வழியிருந்தால் அதுவே மருந்தைவிடப் பெரிய உதவி. மொட்டு, பூ, மணி பிடிப்பு ஆகிய மூன்று கட்டங்களில் தண்ணீர் தவறக் கூடாது. பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்கள் அந்தத் தண்ணீரை மணி பிடிப்புக்கென்று மிச்சம் பிடியுங்கள்.

அடுத்த பட்டத்துக்கு, கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்ற, நோய்ப் பூசணங்களை அடக்கும் நன்மைப் பூசணத்தை 4 கிராம் கலந்து விதையுங்கள். விதைத்த 30-ஆம் நாள் ஏக்கருக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மாவை 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து, மண்ணில் ஈரம் இருக்கும்போது இடுங்கள். காய்ந்த மண்ணில் போட்டால் அது செத்துவிடும். ஒரு எச்சரிக்கை: திராம், காப்டான் போன்ற பூசணக்கொல்லி பூசி வரும் விதை மேல் டிரைக்கோடெர்மாவைக் கலந்தால் அந்த மருந்தே அதைக் கொன்றுவிடும். அப்படிப்பட்ட விதைக்கு மண் வழி மட்டும் போதும். எள், பாசிப்பயறு, சோளம், பருத்தி எல்லாமே இந்தக் கிருமிக்கு உணவுதான். பயிர் மாற்றுவதால் மட்டும் ஒழியாது. ஈரம் நிறைந்த மண்ணில் அதன் கரும்பொடி சில வாரங்களுக்கு மேல் தாங்காது என்பதால், நெல் வைக்க வசதியுள்ள நிலத்துக்கு அது நல்ல வழி. கரிசல் மானாவாரிக்கு அந்த யோகம் இல்லை.

ஆஸ்பிரின் மாத்திரை கரைத்துத் தெளித்தால் செடிக்கு எதிர்ப்புச் சக்தி வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?
— வாசகி, உடுமலைப்பேட்டை

வேண்டாம். கருத்தில் உண்மை இருக்கிறது. செடியின் உள் எச்சரிக்கைச் செய்தி சாலிசிலிக் அமிலம்தான், ஆஸ்பிரின் அதன் உறவு. ஆனால் வயலில் அளவு கொஞ்சம் கூடினாலும் இலை கருகும், குறைந்தால் ஒன்றும் நடக்காது. மேலும் சாலிசிலிக் வழிக் காவல் துரு, அடிச்சாம்பல் போன்றவற்றுக்கு எதிராகத்தான் முக்கியமாக வேலை செய்யும். கருகலுக்கும் அழுகலுக்கும் அதை நம்ப முடியாது. தேவையில்லாத நேரத்தில் செடியைச் சண்டைக்குத் தயார் செய்தால் அந்தச் செலவு மகசூலில்தான் கழியும். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசனை விதை நேர்த்திக்குப் பயன்படுத்தி அடிச்சாம்பலைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள் மைசூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். பூசணம் வந்துவிட்டதாகச் செடியை நம்பவைக்கும் உத்தி அது. நோயைக் குறைத்தது, ஒழிக்கவில்லை.

மழைக்குப் பிறகு பூத்தலையின் பின்பக்கம் பழுப்பாகி மெத்தென்று ஆகிறது. உள்ளே சாம்பல் நிற நூல்கள்.
— வாசகர், அரவக்குறிச்சி

ரைசோபஸ் தலையழுகல். காயமில்லாத தலைக்குள் இது எளிதில் நுழையாது. பச்சைக்காய்ப் புழு துளைத்த ஓட்டை, கிளி கொத்திய இடம், காற்றில் உரசிய கீறல் ஆகியவைதான் வாசல். நுழைந்துவிட்டால் நொதிகளால் தசையை மிக வேகமாகக் கரைத்துவிடும். செடியின் காவல் விழித்துக்கொள்ளவே நேரம் இருக்காது. எனவே இங்கே புழுவைத் தடுப்பதே நோயைத் தடுப்பது. மொட்டு விடும் சமயத்திலேயே ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். தலை பிடித்தபின் விட்டுவிட்டு மழை பெய்தால், ஏக்கருக்கு 400 கிராம் மேன்கோசெப்பை 10 நாள் இடைவெளியில் இரண்டு முறை, தலையின் பின்புறம் படும்படி தெளியுங்கள். தேனீ வந்துபோகும் காலை வேளையில் எந்த மருந்தும் வேண்டாம். மாலை 4 மணிக்கு மேல் தெளியுங்கள். தேனீ இல்லாவிட்டால் நோய் இல்லாத தலையும் பதராகத்தான் இருக்கும்.

இலையைத் தேய்த்தால் விரலில் செம்பழுப்புப் பொடி ஒட்டுகிறது.
— வாசகர், பெரம்பலூர்

துரு. அந்தப் பொடி முழுக்க வித்துதான், காற்றில் பறக்கும். பூ முடிந்து அடி இலையில் மட்டும் வந்திருந்தால் செலவு செய்யாமல் விட்டுவிடலாம். பூக்கும் முன்பே மேல் இலைகளில் ஏறினால் மேலே சொன்ன அதே அளவில் மேன்கோசெப். வயலோரம் தானாக முளைத்து நிற்கும் சூரியகாந்திச் செடிகளைப் பிடுங்குங்கள். இந்தத் துருவுக்கு இடையில் வேறொரு செடி தேவையில்லை, சூரியகாந்தியிலேயே முழு வாழ்வையும் முடித்துக்கொள்ளும்.

இலை ஒரு பாதி மட்டும் கருகி, கழுத்து முறுக்கிக்கொண்டு, தலை கோணலாக நிற்கிறது. எந்தப் பூசணம்?
— வாசகர், தாராபுரம்

பூசணமே இல்லை. இது நெக்ரோசிஸ் நச்சுயிரி நோய். 1997-இல் கர்நாடகத்தின் பாகேபள்ளிப் பகுதியில் முதலில் கண்டார்கள். வயலோரப் பார்த்தீனியத்தின் மகரந்தத்தில் இந்த நச்சுயிரி இருக்கும். இலைப்பேன் அந்த மகரந்தத்தோடு வந்து இலையைக் கீறும்போது தொற்றும். பூசணக்கொல்லி எதுவும் பயன்படாது. பார்த்தீனியம் பூக்கும் முன் அதை அழிப்பதும், விதைப்பதற்கு முன்பே வயலைச் சுற்றி மூன்று நான்கு வரிசை சோளம் நெருக்கமாக விதைத்து வேலி போடுவதும்தான் வழி.

தலையழுகல் பட்ட தலைகளிலிருந்து உதிர்த்த மணியைச் செக்கில் கொடுக்கலாமா?
— வாசகி, காங்கேயம்

கொடுக்காதீர்கள். அழுகிய மணியின் எண்ணெய் அமிலத்தன்மை கூடிக் கசக்கும். நல்ல மணியோடு கலந்தால் முழு எண்ணெயும் கெடும். ஈரமாகக் குவித்த மணியில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூசணம் வளர்ந்தால் அஃப்ளடாக்சின் என்ற நச்சும் சேரலாம். அது பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும். அதை மாட்டுக்கு வைத்தால் பாலுக்கு வரும். தலையின் பின்புறம் எலுமிச்சை மஞ்சளானதும் அறுத்து, அழுகிய தலைகளைக் களத்துக்குக் கொண்டுவராமல் வயலிலேயே பிரித்து எரித்துவிடுங்கள். நல்ல தலைகளை மெல்லிய அடுக்காகப் பரப்பி, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப்போட்டுக் காயவைத்து அடியுங்கள். மணியின் ஈரம் 9 சதத்துக்குக் கீழே வந்தபின் சாக்கில் கட்டுங்கள்.